சாலமோன் மடு

1978 பிப்ரவரி 11, சனி

எட்டாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்தினேன். ‘தூய நீரின் பண்புகள் யாவை?’ என்ற கேள்விக்கு முப்பத்திரண்டு பேரும் ‘நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது’ என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். முழு மதிப்பெண் போட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் கால்வாயில் மஞ்சள் தண்ணீர் ஓடுகிறது.

மேல் ஏரிக் கசிவில் வருஷத்துக்கு ஒன்பது மாதம் ஓடுகிற கால்வாய் இது. மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊத்து. ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தது. சைக்கிள் ரிம்முக்கு முலாம் பூசுகிற கம்பெனி வந்து, வேலிக்கடியில் ஒரு குழாயை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து குழாய்க்குக் கீழே எந்த ஊத்தும் குடிக்க லாயக்கில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலண்டைக்கு, தண்ணீர் வரும் பக்கமாக, முக்கால் மைல் நடக்கிறார்கள்.

தண்ணீருக்குப் போகிற கிளியம்மாள் இன்றும் வாசலில் நின்று கேட்டாள். “இன்னா டீச்சர், தண்ணியப் பத்தி புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறியே, இந்தத் தண்ணிக்கு ஒரு பாடம் எடுக்கக் கூடாதா?”

எடுக்கிறேன் பார்.

மார்ச் 3, வெள்ளி

தவக்கால வெள்ளி. கறி கூடாது. என் வீட்டுக்காரர் படப்பைச் சந்தையிலிருந்து விரால் கொண்டுவந்தார். கொத்தனார் கையில் இப்படி ஒரு மீன் அமைவது அபூர்வம். குழம்பு நன்றாக வந்தது. மீதி நாளைக்கு.

மார்ச் 4, சனி

கால்வாயில் மீன் செத்து மிதக்கிறது! கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு. நத்தைகூட ஓட்டைவிட்டு வெளியே தொங்குகிறது. ஊரே கரையில் நிற்கிறது. பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாவிங்களா, இன்னாத்த ஊத்தனீங்க தண்ணில?

இறங்கிப் பொறுக்கினேன். நாலு பாட்டிலில் தண்ணீர், இரண்டில் மீன். பள்ளிக்கூடத்து ஸ்பிரிட் முழுவதும் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து, நேற்றைய குழம்பைச் சாப்பிட்டுவிட்டு (மீன் குழம்பு மறுநாள்தான் ருசி), மனு எழுத உட்கார்ந்தேன். ஐந்து பக்கம். ‘கண்ணால் கண்ட சாட்சி’ என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். இத்தனை நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

இவர் மட்டும் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “ரெண்டு நாள் பொறுத்து அனுப்பேன் மேரி.”

பொறுத்து? பொறுத்துப் பொறுத்துத்தான் இரண்டு வருஷம் ஆயிற்று.

மார்ச் 6, திங்கள்

அறுபத்திரண்டு கையெழுத்து, அதில் நாற்பது கைநாட்டு. மாதர் சங்கத் தலைவி காந்திமதி வீடு வீடாக வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்தேன். ஊர்த் தண்ணீரை மீட்கப்போகிறவள் என்று நடையிலேயே ஒரு மிடுக்கு இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தான்.

மார்ச் 16, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

மனுவைப் பார்த்து சர்க்கார் அனுப்பிய, தண்ணீரைச் சோதிக்கிற இன்ஜினியர் வந்தார். பாண்டுரங்கன் என்று பெயர். ஒல்லி, பேச்சு குறைவு, ரப்பர் செருப்பு. கம்பெனி மேனேஜரும் கூட வந்தார். ஊரே பின்னால் வந்தது. நான் முன்னால் நடந்தேன்.

“மீனை எங்கே பொறுக்கினீங்கம்மா?” என்று கேட்டார் இன்ஜினியர்.

காட்டினேன். பனைமரத்துக்கு எதிரே இருக்கிற மடு. அங்கேதான் அதிகம் செத்துக் கிடந்தது.

அவர் திரும்பிக் குழாயைப் பார்த்தார். பிறகு மடுவைப் பார்த்தார். “மடு குழாய்க்கு மேலண்டை இருக்கே. தண்ணி மேல ஏறி ஓடுமாம்மா?”

இருபது வருஷம் அறிவியல் டீச்சர்! ஆத்திரத்தில் எது மேல், எது கீழ் என்று பார்க்கவே இல்லை. என் கண்ணில் குழாய் மட்டும்தான் இருந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை, அந்த மட்டுக்கு நல்ல மனுஷன். இன்ஜினியர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மடுவில் இறங்கித் துழாவினார். ஒரு சாக்கு வந்தது. அவிழ்த்தால் உள்ளே நசுக்கின திருகுகள்ளி. “கள்ளிப்பால் போட்டு மீன் பிடிச்சிருக்காங்க,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

சிமெண்டுச் சாக்கு. வாய்ப்பக்கம் கிழிந்ததை யாரோ நீல நூலால் தைத்திருக்கிறார்கள். சீருடை தைத்து மிஞ்சின நூல். யாரோ என்ன யாரோ, தைத்தது நான்தான். போன மாதம், இவர் வேலைக்கு எடுத்துப்போக.

வாயே திறக்கவில்லை. பிள்ளைகளை ‘உண்மையைச் சொல்’ என்று பிரம்பால் தட்டுகிறவள் நான். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 17, வெள்ளி

கேட்டேன். மறைக்கவில்லை.

“வெள்ளிக்கிழம, கறி கூடாது. கூட்டாளிங்க நாலு பேரா சேந்து போட்டோம். எங்கப்பன் காலத்துலேர்ந்து போட்றதுதானே மேரி? மீன் மயங்கும், புடிச்சிக்குவோம், தண்ணி தெளிஞ்சிடும். இந்தத் தடவ பால் கொஞ்சம் ஜாஸ்தி.”

“படப்பை சந்தைன்னு சொன்னீங்களே?”

“நீ அந்தக் கால்வாய மாதா கோயில் மாதிரி பேசற. சொன்னா சோறு போடுவியா?”

அப்படியானால் நான் சாட்சியை அடுப்பில் ஏற்றி, புளி கரைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்ட கையோடு ‘கண்ணால் கண்ட சாட்சி’ என்று எழுதியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதுவிட்டேன். நாற்பது பேர் என்னை நம்பி விரலை மையில் தொட்டார்கள். இனி நிஜமாகவே கம்பெனி நஞ்சைக் கொட்டினாலும் என் வார்த்தையை எவன் நம்புவான்?

மார்ச் 18, சனி

இன்ஜினியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ‘மார்ச் நாலாம் தேதி மீன் செத்ததற்குக் கம்பெனி காரணம் அல்ல. என் குடும்பத்தார் போட்ட கள்ளிப்பால் காரணம். விசாரிக்காமல் எழுதியது என் தவறு. ஆனால் குழாய்க்குக் கீழே ஊத்து மஞ்சளாக இருப்பது பொய்யல்ல.’

இவருக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, “‘குடும்பத்தார்’னு இன்னாத்துக்கு மூடி எழுதற? என் பேரையே போடு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா?”

போட்டேன். சாலமோன், கொத்தனார். இந்த மனுஷன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, அவசரமில்லை.

மார்ச் 24, பெரிய வெள்ளி

கஞ்சி மட்டும். இரண்டு பேரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். சாமியார் எனக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 30, வியாழன்

கடிதத்தில் இருந்தது கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது. மேனேஜர் கடைத்தெருவில் எல்லார் காதிலும் விழும்படி, “டீச்சரம்மா, இனிமே மனு எழுதறதுக்கு முன்னாடி வீட்டுக் குழம்புச் சட்டியப் பாத்துக்கங்க,” என்றார். டீக்கடையே சிரித்தது. மடுவுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், சாலமோன் மடு. தண்ணீருக்குப் போகிற பெண்கள் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போகிறார்கள். இவர் வேலைக்கு வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்.

ஏப்ரல் 8, சனி

யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மடுவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. செத்த இடத்தைப் பார்க்க ஒரு ஆசை என்றுதான் சொல்ல வேண்டும்.

மடுவில் உயிர் இருக்கிறது! மாவுச் சல்லடையில் மணலை அள்ளிப் பீங்கான் தட்டில் கொட்டினேன். தட்டான் குட்டிகள் நாலு. கடுகளவு நத்தைகள். வாலில் மூன்று இழை வைத்த பூச்சி, சுத்தமான தண்ணீரில் மட்டும் பிழைக்கிறது, ஏழெட்டு. அயிரைக் குஞ்சுகூட ஒன்று.

சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடினேன், குழாய்க்குக் கீழே. பத்து முறை அள்ளினேன். இரண்டு செம்புழு, சாக்கடையிலும் பிழைக்கிற சாதி. வேறொன்றும் இல்லை.

மேலே மொத்தமாகச் செத்தது ஐந்தே வாரத்தில் திரும்பிவிட்டது. அப்படியென்றால் கீழே இரண்டு வருஷமாக ஏன் திரும்பவில்லை? கள்ளிப்பால் ஒருநாள் நஞ்சு, ஓடிப்போய்விடும். கீழே இருப்பது தினமும் வருகிற நஞ்சு. என்னைத் தலைகுனிய வைத்த மடுவே எனக்கு அளவுகோல் கொடுக்கிறது.

இதை இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அத்தனை சந்தோஷம். ஆனால் இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன். ஒரு வருஷம் எண்ணுவேன். அப்புறம் பேசுவேன்.

ஏப்ரல் 15, சனி

ஒரு ஆள் எண்ணினால் ‘டீச்சர் கட்டின கதை’ என்பார்கள். மாதர் சங்கத்தில் போய்க் கேட்டேன். காந்திமதி உடனே சரி என்றாள். கிளியம்மாள்தான், “போன தடவ கைநாட்டு வாங்கின. இப்போ பூச்சி எண்ணச் சொல்ற. அடுத்த தடவ இன்னா, நட்சத்திரமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேறென்ன செய்ய? கடைசியில் முதல் ஆளாகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினவளும் அவள்தான்.

முறை இது. சனிக்கிழமைதோறும் மூன்று இடம்: சாலமோன் மடு, குழாயடி, கீழண்டை ஊத்து. இடத்துக்குப் பத்துச் சல்லடை. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு புளியங்கொட்டையை அந்த இடத்து டப்பாவில் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எண்ணலாம். வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டில் ஏற்றுவேன். டப்பா மாறிவிடக் கூடாதென்று காந்திமதி மூடியில் மஞ்சள், குங்குமம், சுண்ணாம்பு தடவிவைத்தாள்.

இன்று: மடு 38. குழாயடி 0. கீழண்டை 2.

ஏப்ரல் 29, சனி

மடு 44. குழாயடி 0. கீழண்டை 3. மூணு வால் பூச்சி மேலே மட்டும்.

ஜூன் 10, சனி

கிளியம்மாளை இன்று திட்டிவிட்டேன். கீழண்டை டப்பா காலி. எனக்குச் சந்தேகம். சல்லடையில் செம்புழுவை நானே பார்த்தேனே?

“மூணு இருந்திச்சி. தூக்கிப் போட்டுட்டேன். ஒண்ணுமே இல்லன்னா கம்பெனிக்காரன் வாய் அடைக்கும்ல?”

“மூணு இருந்தா மூணு! முப்பது இருந்தா முப்பது! நமக்குப் புடிக்கலன்னு ஒரு கொட்டையக் கூட எடுக்கக் கூடாது, சேக்கவும் கூடாது. நான் செஞ்ச தப்பு பத்தாதா?”

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மடியிலிருந்து மூன்று கொட்டைகளை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த சனி வருவாளா?

ஜூன் 17, சனி

வந்தாள். எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். ஒவ்வொரு கொட்டையையும் என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுப் போட்டாள்.

ஜூலை 15, சனி

கால்வாய் வறண்டது. மடுவில் மட்டும் முழங்கால் தண்ணீர். மழை வரும்வரை நோட்டை மூடி வைக்கிறேன்.

நவம்பர் 18, சனி

பத்து நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் இறங்க முடிந்தது. கீழண்டையில் 31! மூணு வால் பூச்சிகூட ஆறு. மேலே 35. இரண்டும் ஒன்றாகிவிட்டதே? ஏழு மாதம் நான் கட்டியதெல்லாம் மணல் வீடா?

கிளியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். “முப்பத்தொண்ணு இருந்தா முப்பத்தொண்ணுதான் டீச்சர். எழுது.”

எழுதினேன்.

டிசம்பர் 2, சனி

வெள்ளம் வடிந்தது. மடு 40. கீழண்டை 9.

டிசம்பர் 16, சனி

மடு 43. கீழண்டை 2. மூணு வால் பூச்சி ஒன்றுகூட இல்லை.

புரிந்துவிட்டது. வெள்ளம் கம்பெனித் தண்ணீரை நீர்க்கவிட்டது, மேலிருந்த உயிரெல்லாம் கீழே வந்து குடியேறியது. வெள்ளம் வடிந்ததும் குழாய்த் தண்ணீர் கெட்டியாகி அத்தனையையும் மறுபடி கொன்றுவிட்டது. அந்த முப்பத்தொன்றை மறைத்திருந்தால் இந்த உண்மை கிடைத்திருக்காது. நாங்கள் பயந்த எண்தான் எங்களுக்கு நல்ல சாட்சி.

வீட்டில் இவரிடம் கத்திக் கத்திச் சொன்னேன். “இன்னாமோ புரியல. ஆனா நீ சிரிச்சி நாளாச்சி,” என்றார்.

1979 ஜனவரி 20, சனி

மனு எழுதவில்லை. இன்ஜினியர் பாண்டுரங்கனுக்கு ஒரு கார்டு போட்டேன். ‘இருபத்திரண்டு வாரக் கணக்கு இருக்கிறது. நேரம் கிடைத்தால் வந்து பாருங்கள்.’ இன்று வந்துவிட்டார்! தனியாக, வாலாஜாபாத் பஸ்ஸில், அதே ரப்பர் செருப்பில்.

நான் நோட்டை நீட்டுவதற்கு முன் கிளியம்மாள் மூன்று டப்பாக்களையும் அவர் முன்னால் வைத்துவிட்டாள். “சார், இது மேலண்ட, இது கொழாய், இது கீழண்ட. ஆட்டிப் பாரு.”

ஆட்டிப் பார்த்தார். முதல் டப்பா சலசலவென்றது. நடு டப்பா ஊமை. கீழண்டையில் ஒரு கொட்டை உருண்டது.

“பூச்சி பேர் தெரியுமாம்மா?”

“இங்கிலீசு பேரு டீச்சருக்குத் தெரியும். மூணு வால் கீதே, அது இருந்தா கொடத்த உடு. இல்லன்னா தூக்கினு மேல நட. அவ்ளோதான்.”

இன்ஜினியர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நவம்பர் 18-இல் விரலை வைத்தார். “இது உங்களுக்கு எதிரா இருக்கே. ஏன் கோடு போட்டு அடிக்கல?”

“இருந்தது சார்,” என்றேன்.

தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் புரட்டிவிட்டு, “சாலமோன் மடுன்னா? வரைபடத்துல இல்லையே?”

இவர் வாசல்படியில் நின்றிருந்தார். எனக்கு முன்னால் அவரே சொன்னார். “நான்தான் சார் சாலமோன்.”

இன்ஜினியர் இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். குழாயடியில் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மேனேஜரைப் பார்க்காமலே போனார்.

பிப்ரவரி 21, புதன்

உத்தரவின் நகல் வந்தது. கம்பெனி ஆறு மாதத்துக்குள் மூன்று அறைத் தொட்டி கட்டி, முலாம் கழிவைச் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைக்க வேண்டும். அதுவரை குழாய் மூடியிருக்க வேண்டும். காரணமாகக் காட்டியிருப்பது அவருடைய சோதனை முடிவும் எங்கள் கணக்கும். டைப் அடித்த அட்டவணையில் முதல் வரி: ‘சாலமோன் மடு (மேற்புறம்)’.

சர்க்கார் காகிதத்தில், முத்திரைக்கு மேலே! இவர் வாங்கி மூன்று தடவை படித்தார். “நல்லதுக்கா கெட்டதுக்கா என் பேரு இதுல வந்துருக்கு?” என்று கேட்டார்.

“ரெண்டுக்கும்தான்,” என்றேன்.

கடைத்தெருவில் மேனேஜரைப் பார்த்தேன். குழம்புச் சட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் ஒரு வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

தொட்டி முடிந்தது. கட்டின கொத்தனார்களில் ஒருவர் யார் என்று ஊருக்கே தெரியும். கம்பெனி கூப்பிட்டபோது இவர் என்னிடம் கேட்டார். போங்கள் என்றேன். மூன்று அறைக்கும் இரண்டு முறை பூச்சு. தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் விட்டு, ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்று காட்டிவிட்டுத்தான் இறங்கினார். வேறெந்த வேலையையும் இத்தனை பார்த்துச் செய்ததில்லை.

1980 ஜனவரி 26, சனி

மணிமங்கலத்து மாதர் சங்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள், எப்படி எண்ணுவது என்று பார்க்க. நான் வாய் திறக்க இடமே இல்லை. கிளியம்மாள் சல்லடை பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். “ஒண்ணு சேக்கக் கூடாது, ஒண்ணு எடுக்கக் கூடாது. நான் ஒரு தரம் எடுத்து டீச்சர்கிட்ட வாங்கிக் கட்டிக்கினேன்,” என்று அதையும் சொன்னாள்.

கீழண்டையில் இன்று 19. மூணு வால் பூச்சி இரண்டு.

மார்ச் 8, சனி

நேற்று தவக்கால வெள்ளி. கத்திரிக்காய்க் காரக்குழம்பு. இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

காலையில் காந்திமதி கீழண்டையில் ஊத்து தோண்டியிருக்கிறாள், நாலு வருஷத்தில் முதல் தடவை. இன்ஜினியர் போன வாரம் பாட்டிலில் பிடித்துப்போய், குடிக்கலாம் என்று கார்டு போட்டிருந்தார். ஆனாலும் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொம்பில் வாங்கிக் குடித்தேன். நிறமற்றது, மணமற்றது. சுவை உண்டு, தாளில் இனி வேறு மாதிரிதான் திருத்த வேண்டும்.

பிறகு எண்ணினோம். டப்பாவையும் பீங்கான் தட்டையும் கிளியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். கீழண்டை மூணு வால் பூச்சி மட்டும் பதினொன்று என்றாள். மேலே மடுவிலேயே பத்துதான். கீழே எப்படி மேலேயைவிட அதிகம் இருக்கும்? அவளைப் பார்த்தேன்.

“இன்னா பாக்கிற? சேத்துட்டேன்னா? நீயே எண்ணிக்கோ.”

எல்லார் முன்னாலும் தட்டில் நெளிந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினொன்றுதான்.